அர்க்குலு டர்க்குலு

மலையில் மழை விடாமல் பெய்கிற ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கிரேக்மோர் எஸ்டேட் மூன்றாம் டிவிஷனில், ஐந்தரை மணிச் சங்கு ஊதி அதன் சத்தம் எதிர்மலையில் முட்டித் திரும்பி வருவதற்குள், சீனியம்மாள் இரண்டு முழங்கால்களையும் வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு, அதுவரை அவளோ அவளுடைய அம்மாவோ அந்த மலையில் கொழுந்து கிள்ளிய வேறு யாருமோ சொல்லியிராத ஒரு சொல்லைச் சொன்னாள். "அர்க்குலு டர்க்குலு" என்றாள். அதற்கப்புறம் அந்தக் கம்பளியை யாராலும் உருவ முடியவில்லை.

முதலில் இழுத்தவன் அவள் புருஷன் கருத்தபாண்டி. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற கை அது, இரும்புக் கை. அந்தக் கை இழுத்தும் கம்பளியின் ஒரு நூல் அசையவில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு மகன்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். கட்டில்தான் நகர்ந்தது. பிறகு கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, தேரிழுக்கிற மாதிரி ஏலேலோ போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, சரி, கம்பளி பிடித்துக்கொண்டது என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த மலையில் யானை வந்து ரேஷன் கடையைத் திறந்து அரிசி சாப்பிட்டுவிட்டுப் போகும், சிறுத்தை வந்து பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருக்கும், அதையெல்லாம் பார்த்தவர்களுக்குக் கம்பளி ஒரு பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு உறுத்திய விஷயம் வேறு. சங்கு ஊதிய பிறகும் சீனியம்மாள் படுத்திருக்கிறாளே என்பதுதான்.

ஏனென்றால் இருபத்துநான்கு வருடமாக அந்தச் சங்கு அவளைப் படுக்கையில் பார்த்ததே கிடையாது. நான்கு மணிக்கே எழுந்துவிடுவாள். குழாயில் தண்ணீர் வருகிற அரை மணி நேரத்துக்குள் அண்டா குடமெல்லாம் நிரப்பி, ஈர விறகை ஊதி ஊதி எரியவிட்டு, சோறு வடித்து, மூன்று ஆண்களுக்கும் தூக்குவாளி கட்டி, ஏழு மணி ஆளெடுப்புக்கு, எஸ்டேட்டில் பெரட்டு என்பார்கள், கூடையோடு முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். பிரசவத்துக்குப் படுத்ததும் காய்ச்சலில் கிடந்ததும் கணக்கில் வராது. அப்போது படுத்தது உடம்பு, அவள் இல்லை. ஒரே ஒரு நாள், போதும் என்று உடம்பு தானாகச் சொல்லும்வரை படுத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது கம்பளிக்குள் இருட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே இழுத்தார்கள், கத்தினார்கள், கங்காணி தொம்மை வந்து, "ஏத்தா, பெரட்டு ரிஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் என்னன்னு எழுத?" என்று கேட்டார். சீனியம்மாளுக்குப் பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தக் கம்பளி கைகளைத் தடுத்ததே தவிர வாய்களைத் தடுக்கவில்லை. ஆறரை மணிக்கெல்லாம் வெட்கம் தாங்காமல் காலை நீட்டினாள். நீட்டியவுடன் கம்பளி சாதாரணக் கம்பளி ஆகிவிட்டது. எழுந்து முகம் கழுவினாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா படுத்திருந்தேன்" என்றாள். கங்காணி தொம்மை அதையே எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் மட்டும் கொழுந்து கிள்ளும்போது மெதுவாக நெருங்கி வந்து, "யக்கா, காலைல என்னமோ சொன்னீங்களாமே, அது என்ன?" என்று கேட்டாள். சீனியம்மாள் சொல்லிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியம்மாளின் கம்பளி பிடித்துக்கொண்டது. புதன்கிழமை ஒன்பது வீடுகள். வியாழக்கிழமை ஆண்களும் சொல்லிப் பார்த்து அவர்களுக்கும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் கங்காணி தொம்மையும் ஒரு நாயும் மட்டும் நின்றார்கள்.

ஒரு வாரத்தில் மலை முழுக்கக் கொழுந்து முற்றி இலையாகிவிட்டது. மேனேஜர் சுதர்சனுக்கு வயது முப்பத்தொன்று. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் எஸ்டேட்டில் மேனேஜர் என்றால் துரைதான் என்பதால் அவரும் துரை. கம்பளி கம்பெனியின் சொத்து, உடனே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். ஜனங்கள் கம்பளியை மடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்து பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். சேலையும் பிடித்துக்கொண்டது. வாங்கி வைத்துப் பயனில்லை என்று கம்பெனி கம்பளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து எல்லோருக்கும் சத்து மாத்திரை கொடுத்தார். கோயிலில் கொடை கொடுத்தார்கள், சர்ச்சில் ஜெபம் வைத்தார்கள், பிறகு பூசாரியும் உபதேசியாரும் தத்தம் வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் படுத்துவிட்டதாகப் பேச்சு. சங்கச் செயலாளர் எசக்கிமுத்து இது சங்கத்தின் நாற்பதாண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று போஸ்டர் அடித்து, பகல் பதினொரு மணிக்கு மைக் வைத்து அர்க்குலு டர்க்குலு என்று முழங்கினார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு சிலர் கொட்டாவி விட்டார்கள்.

அப்போதுதான் அது எந்த ஊர்ச் சொல் என்ற கேள்வி வந்தது. அடிவார நகரத்திலிருந்து பேராசிரியர் செந்தேனரசு, இரண்டு மாணவிகளும் ஒரு குடையும் ஒரு கட்டுத் துண்டறிக்கையும் சகிதம் மலையேறி வந்தார். சொல்லைக் கேட்டவுடன் கண்ணை மூடினார். திறந்தபோது முடிவு தயாராக இருந்தது. உறக்கத்திலிருந்து உர்க்கம், உர்க்கத்திலிருந்து அர்க்குலு, துயிலிலிருந்து டர்க்குலு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டி, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கப்பலேறிப் போன தமிழன் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் உறங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான், இன்று அந்தச் சொல் தாய்வீடு திரும்பியிருக்கிறது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சீனியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் பிடித்துக்கொள்ளுமா என்று ஒரு மாணவி இழுத்துப் பார்த்தாள்.

ஜனங்கள் வேறு மாதிரி நம்பினார்கள். தைல மரத் தோப்புக்குள் டன்பார் துரையின் கல்லறை இருக்கிறது. காட்டை அழித்துத் தேயிலை வைத்த ஸ்காட்லாந்துக்காரர். அவர் காலத்தில் கூலிகளை நாலு மணிக்குத் தப்படித்து எழுப்புவார்கள், எழாதவனைக் கங்காணி பிரம்பால் எழுப்புவான், துரை மட்டும் பத்து மணிவரை பங்களாவில் படுத்திருப்பாராம். பட்லர் காப்பியோடு வந்து எழுப்பினால் காலைச் சுருட்டிக்கொண்டு இந்தச் சொல்லைத்தான் சொல்வாராம். அவருக்குப் போர்வை பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை, துரை போர்வையை எவன் இழுப்பான். அவர் செத்த பிறகு சொல் மட்டும் இத்தனை காலம் பனிமூட்டத்தோடு மலையில் அலைந்துவிட்டு, கடைசியில் அதற்கு மிகவும் தேவைப்பட்ட ஆளைப் பார்த்து இறங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கல்லறைக்கு மாலையும் ஊதுவத்தியும் வந்தன. யாரோ ஒரு தலையணையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

சுதர்சன் துரை நவீனமானவர், ஆதலால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. இது எங்கள் பக்கத்துப் பழைய சொல்தான், இருநூறு வருடத்துக்கு முந்தைய அகராதியிலேயே இருக்கிறது. எங்கள் உச்சரிப்பில் அது ஹர்க்கிள் டர்க்கிள். ஹர்க்கிள் என்றால் கைகாலை உடம்போடு சேர்த்துச் சுருட்டிக் குந்துவது, ஒருவேளை டச்சுக்காரர்கள் பக்கமிருந்து வந்திருக்கலாம். டர்க்கிளுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, சும்மா துணைக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்தால், எழுந்து வேலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் படுக்கையிலேயே சுகமாகக் கிடப்பது என்று பொருள். இவ்வளவு அக்கறையோடு இந்தியாவிலிருந்து ஒருவர் கேட்டது மகிழ்ச்சி அளிக்கிறது என்று எழுதியிருந்தார் அந்த நல்ல மனிதர். பதில் தொம்மை வழியாக லைனுக்கு எட்டியபோது, துணைக்கு வருகிற சொல் என்பது பெண்களுக்குச் சட்டென்று புரிந்தது. காப்பிக்குக் கீப்பி வருகிற மாதிரி.

சுதர்சன் துரையோ அந்தப் பதிலை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எழுந்து வேலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில். அங்கேதான் அதன் உயிர் இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு மைக்கில் சொன்னபோது ஏன் பலிக்கவில்லை? அந்நேரம் யாரும் எழ வேண்டியதில்லை, எல்லோரும் எழுந்துதான் நின்றார்கள். அப்படியானால் எழ வேண்டிய நேரத்தையே ஒழித்துவிட்டால்? அன்று மாலையே சர்க்குலர் வந்தது. பெரட்டு இனிமேல் ஒன்பது மணிக்கு. "அதுவரை தொழிலாளர்கள் அனைவரும் படுக்கையிலேயே இருக்க இதன் மூலம் அனுமதிக்கப்படுகிறார்கள். இந்த அனுமதி கட்டாயமானது. படுத்திருக்கத் தவறுபவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."

மறுநாள் சங்கு ஊதியது. ஆண்கள் சொல்லைச் சொல்லிச் சுருண்டார்கள். கங்காணி தொம்மை வீடு வீடாகப் போய் இழுத்தார், வாழைப்பழத் தோல் மாதிரிக் கம்பளிகள் கழன்று வந்தன. அனுமதித்த பிறகு படுத்திருப்பதில் என்ன இருக்கிறது என்று ஆண்களே சலித்துப்போய் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆபீசில் துரை வெற்றியைக் கொண்டாடக் கேக் வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தபோது தொம்மை மூச்சிரைக்க வந்து சொன்னார், "தொர, பொம்பளைகளுக்குக் கழலல. முன்னைக்கு இப்ப இன்னும் பலமா புடிச்சிருக்கு."

துரையே லைனுக்கு வந்து சீனியம்மாள் வீட்டு ஜன்னலோரம் நின்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏம்மா, நீங்க எழுந்திருக்க வேண்டாம்னு கம்பெனியே சொல்லிடுச்சே. இப்ப நீங்க எதுக்கு எழுந்திருக்கணும்?"

கம்பளிக்குள்ளிருந்து சீனியம்மாள் நிதானமாகப் பதில் சொன்னாள். "நாலரை மணிக்குத் தண்ணி வந்துச்சு தொர. நின்னும் போச்சு. அதுக்கு எந்திரிச்சிருக்கணும். அடுப்பப் பத்த வைக்க எந்திரிச்சிருக்கணும். இவருக்கு வெந்நி வேணும். பெரியவனுக்குச் சோத்த ஆற வச்சுக் கட்டணும், சூடா கட்டுனா நொந்து போகும். சின்னவனுக்குத் தொவையல் இல்லாம எறங்காது, அதுக்கு எந்திரிச்சிருக்கணும்."

"அதெல்லாம் கம்பெனி வேலை இல்லையே."

"இல்லதான். அதுக்குத்தான் யாரும் சர்க்குலரு போடலையே."

இதற்குப் பிறகுதான் மலைக்கு நிஜமான துன்பம் வந்தது. கொழுந்து முற்றியபோது வராத துன்பம், தூக்குவாளி காலியாக இருந்தபோது வந்தது. சங்கச் செயலாளர் எசக்கிமுத்து இரண்டு நாள் பன் தின்று வயிறு கெட்டு, இது குடும்ப விவகாரம், சங்கம் இதில் தலையிடாது என்று அறிக்கை விட்டார். போஸ்டர்களைச் சங்கத்துக்காரர்களே கிழித்தார்கள். பேராசிரியர் செந்தேனரசின் வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது, மறு ஆய்வில் இந்தச் சொல்லுக்கும் தமிழுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இது நம் பண்பாட்டைக் குலைக்கக் கடல் கடந்து வந்த அந்நியச் சரக்கு என்று துண்டறிக்கை போட்டார். டன்பார் துரையின் கல்லறையில் இருந்த தலையணையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுதர்சன் துரை மட்டும் மனம் தளரவில்லை. கம்பெனி தரவேண்டிய அனுமதியைக் கம்பெனி தந்துவிட்டது. புருஷன் தரவேண்டியதைப் புருஷன் தரட்டும். படிவம் அச்சடித்தார். என் மனைவி காலையில் எழ வேண்டியதில்லை என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன், இப்படிக்கு, கையொப்பம் அல்லது கைரேகை. எல்லாக் கணவர்களும் வரிசையில் நின்று ஒப்பமிட்டார்கள். மறுநாள் ஒரு கம்பளியும் கழலவில்லை. கருத்தபாண்டி கட்டிலோரம் நின்று கெஞ்சினான்.

"எந்திரிக்க வேணாம்னுதான் எழுதியே குடுத்துட்டேன்ல. எந்திரியேன்டி."

கம்பளிக்குள்ளே சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் அழுகையும் வந்தது. இருபத்துநான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷன், எவ்வளவு எளிதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று நினைத்தாள். தாள் அடுப்பெரிக்கக்கூட உதவாது, ஈரம்.

பிறகு கம்பெனி வக்கீல் வந்தார். சட்டத்தை அலசி, போர்வை பிடித்திருப்பவர் மீது கை வைக்க முடியாது, அது மலைச்சரிவு, இடி, யானை ஆகியவற்றோடு சேர்ந்த இயற்கைச் சீற்றம் என்றார். ஆனால் போர்வை கழன்ற பிறகும் ஒருத்தி படுத்திருந்தால் அது சுத்தச் சோம்பேறித்தனம். அன்றைக்கே வேலை போகும், வேலை போனால் லைன் வீடும் போகும். பெண் படுத்திருக்கிற இடத்தில் அந்நிய ஆண் நுழைந்து இழுப்பது நன்றாயிராது என்பதால், தினமும் காலையில் புருஷனே இழுத்துப் பார்த்து வாசலில் நின்று துரையிடம் சொல்ல வேண்டும், துரை எழுதிக்கொள்வார் என்று ஏற்பாடு ஆனது. முதல் பெயர் சீனியம்மாளுடையது. அவளிடமிருந்து தொடங்கியது, அவளிடமே முடியட்டும் என்று துரை சொன்னதாகத் தொம்மை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. சீனியம்மாள் விழித்தபோது சங்கு ஊதியிருக்கவில்லை, ஆனால் பக்கத்தில் கருத்தபாண்டியும் இல்லை. குழாயடியில் குடம் முட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ அடுப்பை ஊதுகிற சத்தம், புகைக்கு இருமுகிற சத்தம், பெரியவனைப் பெயர் சொல்லி எழுப்பி வெங்காயம் உரிக்கச் சொல்கிற சத்தம். பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்தது. அவளுடைய கால் தானாகவே நீளப் பார்த்தது, எழுந்து போய்ப் பாத்திரத்தை இறக்கிவைக்க. சங்கு ஊதியதும் சொல்லைச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டாள். கம்பளி எப்போதும் போல இறுகியது. அதற்குள்ளே கிடந்து அவள் அந்த வீட்டின் ஒவ்வொரு பாத்திரமும் இடம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தான் இல்லாமல் ஒரு காலை நடக்கிறது என்பது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருத்தபாண்டி ஒரு டம்ளரில் தேயிலைத் தண்ணியோடு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். கம்பளியின் ஒரு முனையைக் கையில் பிடித்தான், இழுக்கவில்லை.

"தண்ணி புடிச்சாச்சு. சோறு கொஞ்சம் கொழஞ்சிருச்சு, தொவையல்ல உப்பு கூட. அவனுக திங்கிறானுக. நீ எந்திரிக்க வேணாம்" என்றான்.

கம்பளி விட்டுவிட்டது. விட்டது அவளுக்குத் தெரிந்தது, முனையைப் பிடித்திருந்ததால் அவனுக்கும் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க அவள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பாள், ஆனால் அது வந்த கணமே அவளைக் காத்துநின்ற சொல் போய்விட்டது. இனி அவள் படுத்திருந்தால் சோம்பேறி. வேலை போகும், வீடு போகும். நாலு வீடு தள்ளித் துரையின் பூட்ஸ் சத்தமும் தொம்மையின் இருமலும் அவள் வாசலை நோக்கி வருவது கேட்டது. உடம்பு இன்னும் போதும் என்று சொல்லவில்லை. சீனியம்மாள் கம்பளியை முகத்திலிருந்து விலக்கி, ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினாள், எழுந்திருக்க.

கருத்தபாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பகல் வெளிச்சத்தில், தலையணைமேல், அந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. எவ்வளவு களைத்துப்போன முகம் அது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. டம்ளரை அவள் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தான், கம்பளியை இழுத்து அவள் காலை மூடினான், வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா கருத்தபாண்டி, இழுத்துப் பாத்தியா? கழண்டுதா?" என்று துரை கேட்பது உள்ளே கேட்டது.

"இழுத்துப் பாத்துட்டேன் தொர" என்றான் கருத்தபாண்டி. "வர மாட்டேங்குது."

துரை எழுதிக்கொள்ள நேரம் பிடித்தது, மழையில் பேனா சரியாக எழுதவில்லை. அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்கள். மூக்கில் கரியும் கையில் மாவுமாக நின்றுகொண்டிருந்த அந்தோணியம்மாளின் புருஷன், கேட்பதற்கு முன்பே, வர மாட்டேங்குது தொர என்றான். அதற்கடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அந்தச் சத்தம் லைனின் கடைசி வரைக்கும் போய்த் தேய்ந்தது. சீனியம்மாள் கட்டில் சட்டத்தில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டு, இரண்டு காலையும் கட்டிலின் நீளத்துக்கு நீட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு உடம்பு போதும் என்றது, எழுந்தாள்.